ஒருமனதாக

ஹென்றிக்கு வந்த நோட்டீஸை முதலில் கையில் வாங்கியது அவர் மனைவி நோராதான். தபால்காரர் வாசலில் வந்து நின்றபோது அவர் நொச்சிக்குப்பத்து மீன்காரியிடம் சங்கராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரத்தை விடாமலே கையெழுத்துப் போட்டார். மீனையும் உறையையும் ஒன்றாக உள்ளே கொண்டுவந்து, "ஏதோ கவர்ன்மென்ட் கடுதாசி. உங்க பென்ஷன் விஷயமா இருக்கும்" என்று சொல்லி, ஓரம் நனைந்த உறையை ஹென்றியின் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பென்ஷன் விஷயம் இல்லை. கம்பெனிகள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். சந்திரகாந்தா பேப்பர் புராடக்ட்ஸ் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாங்கள், கம்பெனிக்குச் சொந்தமான சிந்தாதிரிப்பேட்டை கோடவுனை, நிர்வாக இயக்குநரின் மருமகள் நடத்தும் நிறுவனத்துக்குச் சட்டத்தை மீறிக் குத்தகைக்கு விட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அதற்காகத் தங்கள் மேல் ஐந்து லட்ச ரூபாய் அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.

ஹென்றி அதை மூன்று தடவை படித்தார். அவருக்கு வந்தது பயம் இல்லை, கோபம். அந்தக் குத்தகை தப்பு என்று அந்தக் கம்பெனியில் வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் தான்தான் என்று அவர் நெஞ்சறிய நம்பிக்கொண்டிருந்தார். சொன்னவனுக்கும் அபராதம், செய்தவனுக்கும் அபராதம் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

"நான் வேணாம்னு சொன்னேன் நோரா. அனந்தராமன் சார் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்."

"சொன்னீங்க, சரி. எழுதினீங்களா?"

நோரா முப்பது வருஷம் சாந்தோமில் கணக்கு டீச்சராக இருந்தவர். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாத பிள்ளைக்கு மார்க் போட மாட்டார். ஹென்றி பதில் சொல்ல முடியாத இடத்தில்தான் நோரா கேள்வியை வைத்திருந்தார்.

ஏனென்றால் எழுதியதே ஹென்றிதான்.

இருபத்துநான்கு வயதில் தி.நகர் ஆபீசில் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்தவர் அவர். பள்ளி நோட்டுப் புத்தகமும் ஆபீஸ் ரிஜிஸ்டர்களும் தயாரிக்கிற கம்பெனி. இப்போதைய நிர்வாக இயக்குநர் அனந்தராமனின் அப்பா ஆரம்பித்தது. ஹென்றி படிப்படியாகத் தலைமைக் கணக்கரானார், ஓய்வு பெற்றார், மறுநாளே அனந்தராமன் அவரை இயக்குநராக்கி அதே நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கம்பெனி செக்ரட்டரி என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிற வழக்கம் அங்கே இல்லை. இயக்குநர்கள் கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்கிற குறிப்பு, 1998-லிருந்து ஹென்றியின் பொறுப்பு. கையால் எழுதுவார். நீலக்கருப்பு மை, தடித்த பைண்டு புத்தகம், நாலு தொகுதி. ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. வருகிற ஆடிட்டர் எல்லாம் புரட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பாராட்டை ஹென்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நோராவிடம் ஒப்பிப்பார்.

அந்தப் புத்தகம் அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு மையும் கையெழுத்தும் மட்டும் காரணம் இல்லை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அனந்தராமனின் அப்பா காலத்தில் அண்ணன் தம்பிக்குள் ஏதோ தகராறு. தம்பிக்காரர் தன் மறுப்பை மினிட்ஸில் ஏற்றச் சொல்லி, ஏற்றிய அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டார். வழக்கு பதினோரு வருஷம் நடந்தது. வழக்கு முடிந்த அன்றைக்குப் பெரியவர் சட்டம் போட்டாராம்: "இனிமே புஸ்தகத்துல சண்டை ஏறப்படாது. சண்டை போடறவா டிபன் சாப்பிடறச்சே போட்டுக்கோங்கோ."

அன்றிலிருந்து அங்கே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாடியில் கூட்டம், பன்னிரண்டு நிமிஷம். கீழே டிபன், ஒரு மணி நேரம். மாடியில் எதைக் கொண்டுவந்தாலும் ஒருமனதாக நிறைவேறிவிடும். கீழே இறங்கியதும் ஆளாளுக்குக் கத்தலாம், மேஜையைத் தட்டலாம், இலையை விட்டு எழுந்தும் போகலாம். அனந்தராமனின் மனைவி ஜெயலக்ஷ்மியும் ஒரு இயக்குநர்தான். இருபது வருஷப் பதவியில் அந்த அம்மாள் நேரடியாக நிர்வகித்த ஒரே இலாகா டிபன். மயிலாப்பூர் வீட்டிலிருந்து அடையும் அவியலும் தூக்குகளில் கொண்டுவந்துவிடுவார். பழைய நாட்களில் இந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கீழே சத்தம் பலமாக இருந்தால் அனந்தராமன் மாடியில் போட்ட தீர்மானத்தைச் சத்தம் போடாமல் கிடப்பில் போட்டுவிடுவார். காகிதத்தில் ஒற்றுமை, காரியத்தில் நிதானம். ஹென்றி இதை உலகத்திலேயே நாகரிகமான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

2022 ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் நாலாவது விஷயமாக வந்தது அந்தக் குத்தகை. அனந்தராமனின் மகன் சாய்நாத்தான் வாசித்தான். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரமாக இருந்த பெரிய கோடவுன், இருபத்தொன்பது வருஷத்துக்கு, அவன் மனைவி மாளவிகாவின் நிறுவனத்துக்கு. வாடகை, ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கேட்கிற வாடகை. மாடியில் ஹென்றி வாயைத் திறக்கவில்லை. கீழே வந்து அடையைப் பிட்டதும் திறந்தார். "சார், இது தப்பு. கம்பெனி சொத்தை வீட்டுக்குள்ள எடுத்துக்கிறதுக்கு நாம டைரக்டரா இருக்கக் கூடாது. பங்குதாரர்களுக்கு என்ன பதில் சொல்றது?" அனந்தராமன் சிரித்தார். "பாக்கலாம் ஹென்றி. நீ அவியல் போட்டுக்கோ." இந்தத் தடவை அவர் பார்க்கவில்லை. அடுத்த மாதமே குத்தகை பதிவாகிவிட்டது. நம் கடமையைச் செய்தாயிற்று என்று ஹென்றி மனத்தை ஆற்றிக்கொண்டு, நாலாவது விஷயத்துக்கு நேராக 'ஒருமனதாக நிறைவேறியது' என்று தன் முத்தான எழுத்தில் எழுதினார். அடையாறில் இருந்த அனந்தராமனின் ஒன்றுவிட்ட தங்கைக்கும் கம்பெனியில் கொஞ்சம் பங்கு இருந்தது. அவருக்கு விஷயம் தெரிந்து, புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஹென்றி அடையாறுக்குப் போனார். அங்கே மருந்துக் கடைக்கு மேல் மாடியில் மஹ்விஷ் ஆபீஸ் வைத்திருந்தாள். நோராவிடம் கணக்குப் படித்த பெண். கம்பெனிச் சட்டத்தில் தேர்ந்து, இந்த மாதிரி விசாரணைகளில் ஆஜராவதே அவள் தொழில்.

மினிட்ஸின் நகலை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "யார் அங்கிள் எழுதினது? சூப்பரா இருக்கு."

"நான்தாம்மா" என்றார் ஹென்றி. அந்த நிலைமையிலும் அவருக்குச் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

"இதுதான் உங்களுக்கு எதிரா இருக்கிற சாட்சி. வேற சாட்சியே அவங்களுக்குத் தேவையில்ல."

ஹென்றி டிபன் வழக்கத்தை விளக்கினார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "அங்கிள், டைரக்டருக்குன்னு சட்டத்துல கடமை போட்டிருக்கு. அக்கறையா இருக்கணும், சொந்த புத்தியில முடிவெடுக்கணும், கம்பெனி நன்மைக்குத்தான் நடக்கணும். அதை நீங்க கூட்டத்துலதான் செய்யணும், கூட்டம் முடிஞ்சப்புறம் இல்ல. இன்னொண்ணு. இந்தக் குத்தகை அவங்க குடும்பத்துக்குப் போகுது. அதனால அனந்தராமன் சார், அவர் வைஃப், சாய்நாத், மூணு பேருக்குமே இதுல ஓட்டு கிடையாது. மினிட்ஸ்லயும் அவங்க கலந்துக்கலன்னுதான் எழுதியிருக்கீங்க."

"மூணு பேரும் அங்கதான் உக்காந்து முந்திரி தின்னுட்டிருந்தாங்க. எழுதறதுன்னா அப்படித்தானே எழுதணும்."

"அப்போ முடிவெடுத்தது ரெண்டே பேர். நீங்களும் இந்த ஷரஃபுதீனும்." அவள் தாளைத் திருப்பி வைத்தாள். "டிபன்ல நீங்க மறுத்ததை யாராவது எழுத்துல தருவாங்களா? தந்தா அபராதத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடிப் பாக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

"தராம என்ன? நாப்பத்திநாலு வருஷப் பழக்கம்" என்றார் ஹென்றி.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்கு அருகில் அனந்தராமனின் வீடு. லிஃப்டை விட்டு வெளியே வரும்போதே காபி மணம் வந்தது. அனந்தராமன் எழுந்து வந்து தோளைத் தட்டி உட்கார வைத்தார். அவருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் அதன் சுவடே இல்லை. ஹென்றி வந்த காரியத்தைச் சொன்னார். அன்றைக்கு டிபன் சாப்பிடும்போது தான் ஆட்சேபித்ததாக ஒரு வரி, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

"ஹென்றி, நீ ஏன் இதைப் போட்டுக் குழப்பிண்டிருக்கே? அஞ்சு லட்சம்தானே? உன் பங்கையும் நான் கட்டிடறேன். சாய்நாத் வக்கீல்கிட்ட பேசிட்டான். அபராதத்தைக் கட்டிட்டா போறும். புஸ்தகத்துல இருக்கறபடியே இருக்கட்டும். தீர்மானம் நிறைவேறினது நிறைவேறினதுதான், அப்போதான் குத்தகை நிக்கும்கறார் வக்கீல்."

"பணம் இல்ல சார். நான் மறுத்தேன்ங்கறது உங்களுக்குத் தெரியும்ல? அதை மட்டும் எழுதிக் குடுங்க."

அனந்தராமன் ஜன்னலைப் பார்த்தார். காபியை வைக்க வந்த ஜெயலக்ஷ்மியின் பக்கம் ஹென்றி திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே பரிமாறிக்கிட்டிருந்தீங்க."

"நீங்க சொன்னேள். எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. பாதி அடையை வச்சுட்டு எழுந்துட்டேள், அதுகூட ஞாபகம் இருக்கு" என்றார் ஜெயலக்ஷ்மி. "ஆனா எனக்கு ஞாபகம் இருக்குன்னு எழுதித் தர முடியாது. என் பிள்ளைக்கு எதிரா நான் எழுதுவேனா? நீங்களே சொல்லுங்கோ."

ஹென்றியால் அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியவில்லை. பொய் சொல்லாமல் கைவிடுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். காபி நன்றாக இருந்தது. அதையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தார். அப்படி வளர்ந்த மனிதர், என்ன செய்வது.

பாக்கி இருந்தது ஷரஃபுதீன் ஒருவர். கம்பெனிக்கு முப்பது வருஷமாகக் காகிதம் சப்ளை செய்த சிந்தாதிரிப்பேட்டை வியாபாரி; கொஞ்சம் பங்கு வாங்கி இயக்குநரானவர். அந்த ஆகஸ்ட் கூட்டத்தில் இருந்தார். ஆனால் டிபனுக்கு இருக்கவில்லை, கை நனைக்காமலே போய்விட்டார். அடுத்த கூட்டத்தோடு வருவதையே நிறுத்திவிட்டார். டிபனில் இல்லாதவர் எப்படிச் சாட்சி ஆவார்? ஹென்றிக்கும் இது தெரிந்துதான் இருந்தது. இரண்டு பேரும் ஒரே கட்சி, சேர்ந்து நின்றால் பலம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

ஷரஃபுதீனின் கடையில் முன்பு தாள் கட்டுகள் கூரை வரைக்கும் இருக்கும். இப்போது பாதிச் சுவர் தெரிந்தது. வாசலில் நிற்கிற மினி லாரியையும் காணோம்.

"வாங்க சார், உக்காருங்க. இன்னா சாப்புடுறீங்க?" என்றார் ஷரஃபுதீன். குரலில் மரியாதை இருந்தது, வேறெதுவும் இல்லை. "வண்டியத்தான தேடுறீங்க? அத போன வருசமே வித்தாச்சு. எல்லாம் ஆன்லைன்ல எழுதுறானுங்க, பேப்பர் யாருக்கு வோணும்."

"உங்களுக்கும் நோட்டீஸ் வந்திருக்கும் பாய்."

"வந்துகீது. அஞ்சு லட்சம். கடையில இருக்குற சரக்க மொத்தமா வித்தாலும் தேறாது."

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். நான் அன்னைக்கு டிபன்ல இது தப்புன்னு அவ்வளவு தூரம் சொன்னேன். அந்த நியாயத்தை எடுத்துச் சொல்லலாம்னு..."

ஷரஃபுதீன் அவரையே பார்த்தார். கோபப்படுவார் என்றுகூட ஹென்றி எதிர்பார்க்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை.

"நீங்க டிபன்ல சொன்னீங்க சார். நான் மாடியில சொன்னேன்."

கடைப் பையன் கொண்டுவந்த டீயை ஷரஃபுதீன் ஹென்றியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சாய்நாத் தம்பி படிச்சு முடிச்சதும் நான் எந்திரிச்சு நின்னேன். நான் இதுக்கு ஒத்துக்கல, எம் பேருல மறுப்புன்னு எழுதிக்கோங்க ஹென்றி சார்னு சொன்னேன். நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. டிபன் சாப்ட்டுட்டுப் பேசலாம் பாய்னு சொல்லிகினே பேனா மூடியத் திருகுனீங்க. அடுத்த மீட்டிங்ல வந்து கேட்டேன். போன மீட்டிங் மினிட்ஸெல்லாம் கையெழுத்து ஆயிடுச்சு, இனிமே புக்க கெடுக்க வேணாம்னீங்க. அப்பாலதான் நான் வர்றதையே வுட்டேன்."

ஹென்றிக்கு அந்த நாள் முழுக்க ஞாபகம் இருந்தது. அடையின் ருசி, அவியலில் உப்பு குறைவு, தான் பேசிய வார்த்தைகள், அனந்தராமனின் சிரிப்பு, எல்லாம். இந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அவர் ஒன்றரை வருஷமாகத் திறந்தே பார்க்கவில்லை. இப்போது அதுவும் வந்து நின்றது. எழுந்து நின்ற மனிதர், நீட்டிய விரல், தன் கையில் மெல்லத் திருகிக்கொண்ட மூடி. தான் எப்பேர்ப்பட்ட நியாயஸ்தன் என்று ஊர் முழுக்கச் சாட்சி தேடி அலைந்ததை நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல சார். டீ ஆறுது, குடிங்க" என்றார் ஷரஃபுதீன்.

மஹ்விஷிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மினிட்ஸின் நகலை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "இதைச் சொன்னா பாய் தப்பிச்சுடுவார். கூட்டத்துலயே மறுத்திருக்கார், அவர் மேல தப்பே இல்ல. நீங்க தப்பிக்க மாட்டீங்க. பொய்யா மினிட்ஸ் எழுதினதுக்குத் தனி அபராதமும் வரும். அனந்தராமன் சாரும் உங்க பங்கைக் கட்ட மாட்டார். சொல்லாம இருந்தா அவரே கட்டிடுவார், விஷயம் முடிஞ்சுடும். உங்களுக்காகப் பேச வந்தவ நான். சொல்லுங்கன்னு என்னால சொல்ல முடியாது அங்கிள்" என்றாள்.

வீட்டில் நோராவிடம் கேட்டார். நோரா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். "பேங்க்ல போட்டிருக்கிறதுல அஞ்சு லட்சம் எடுத்தா நமக்கு மிச்சம் ரெண்டே கால். மருந்து மாத்திரைக்கு அதுதான்" என்றார். கணக்கை மட்டும் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நோரா வாய்விட்டுத் திட்டினால் தேவலை என்று ஹென்றிக்குத் தோன்றியது.

விசாரணை நுங்கம்பாக்கத்தில், மத்திய அரசுக் கட்டடத்தின் ஒரு சிறிய அறையில் நடந்தது. ஒரு பக்கம் அனந்தராமன், ஜெயலக்ஷ்மி, சாய்நாத், அவர்களுடைய வக்கீல். இந்தப் பக்கம் ஹென்றியும் மஹ்விஷும். கடைசி நாற்காலியில் பிளாஸ்டிக் கவரில் காகிதங்களோடு ஷரஃபுதீன், தனியாக. விசாரணை அதிகாரி நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. மேஜையில் ஹென்றியின் நாலாவது தொகுதி விரிந்து கிடந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம் மேடம்."

"நாலாவது தீர்மானம் ஒருமனதா நிறைவேறியதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படித்தான் நடந்ததா?"

சாய்நாத் ஹென்றியைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். சின்ன வயதில் அவனுக்குக் கணக்கு ஏட்டில் கோடு போடக் கற்றுக்கொடுத்தவர் ஹென்றி. ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஐந்து லட்சம் மிச்சம். நாலு தொகுதியும் கல்யாணப் பத்திரிகையாகவே இருந்துவிடும். அவர் நாக்கு அந்த வார்த்தையின் மேல்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்கிற வீரம் ஒன்றும் அவருக்கு அப்போது வரவில்லை. ஷரஃபுதீன் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டார். அவர் ஹென்றியைப் பார்க்கவில்லை. மேஜையில் திறந்து கிடந்த ஹென்றியின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம்" என்றார் ஹென்றி. "ஷரஃபுதீன் பாய் கூட்டத்துலயே எழுந்து மறுத்தார். மறுப்பை எழுதச் சொல்லியும் கேட்டார். நான் எழுதல."

வக்கீல் எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "ஏன் எழுதல?"

பெரியவர் போட்ட சட்டம், பதினோரு வருஷ வழக்கு, டிபன், நாகரிகம், எல்லாம் ஹென்றியின் தொண்டை வரை வந்தன. அந்த அறையில் அவற்றில் ஒன்றுகூட நிற்காது என்று தெரிந்தது. "பக்கம் சுத்தமா இருக்கணும்னு நினைச்சேன் மேடம்" என்றார். அதுதான் உண்மை.

"நீங்க கூட்டத்துல மறுத்தீங்களா?"

"இல்ல. பேசாம இருந்தேன், சம்மதம்னுதான் அர்த்தம். கீழ டிபன் சாப்பிடும்போதுதான் தப்புன்னு சொன்னேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விரல் நின்றது. "டிபன்னே போட்டுடவா மேடம்?"

"சொன்னதைப் போடுங்க." அதிகாரி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். "ஓட்டுரிமை இருந்தவங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தர் மறுத்திருக்கார். அப்போ இந்தத் தீர்மானம் நிறைவேறவே இல்ல. உங்க எழுத்துலதான் நிறைவேறியிருக்கு. இது உங்களுக்குப் புரியுதா?"

அந்த நிமிஷம் வரை ஹென்றிக்கு அது புரிந்திருக்கவில்லை. இருபத்தாறு வருஷம் யாரோ எடுத்த முடிவுகளை அழகாக எழுதி வைக்கிறவன் என்றுதான் தன்னை நினைத்திருந்தார். கோடவுனைத் தூக்கிக் கொடுத்தது சாய்நாத்தும் இல்லை, அனந்தராமனும் இல்லை. தன்னுடைய ஒரு வார்த்தை.

வராந்தாவில் அனந்தராமன் அவரை நிறுத்தினார். "அப்பா காலத்து வழக்கம் ஹென்றி. அதைப் போய் நாலு பேர் சிரிக்கும்படி பண்ணிட்டியே. உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" பதிலுக்கு நிற்காமல் போனார். ஜெயலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாக வந்த ஷரஃபுதீன் கொஞ்சம் நின்றார். அவர் நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து ஹென்றி கூசிப்போனார். கூசியிருக்க வேண்டாம்.

"ஒரு வரி சார். அன்னிக்கே எழுதியிருந்தீங்கன்னா கோடவுனும் போயிருக்காது, நம்ம ரெண்டு பேரும் இங்க வந்து நின்னுகினு இருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவைப் பிடிக்க வேகமாகப் படியிறங்கினார்.

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. ஷரஃபுதீன் மேல் நடவடிக்கை இல்லை. குடும்பத்தார் மூவருக்கும் ஹென்றிக்கும் தலா ஐந்து லட்சம். பொய்யான மினிட்ஸ் எழுதியதற்காக ஹென்றிக்கு மேலும் ஐயாயிரம். நோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பொய் எழுதினதுக்கு ஐயாயிரம். வாய மூடிட்டு இருந்ததுக்கு அஞ்சு லட்சம். நான் திருத்தியிருந்தாலும் இப்படித்தான் மார்க் போட்டிருப்பேன்" என்றார். அன்றைக்கே பேங்குக்குப் போய் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எடுத்தார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று மஹ்விஷ் சொன்னபோது ஹென்றி வேண்டாம் என்றுவிட்டார்.

உத்தரவுகளை அரசாங்கம் இணையத்தில் போட்டுவிடுகிறது. யாரோ பார்த்து யாருக்கோ அனுப்ப, சாந்தோம் வட்டாரத்து வாட்ஸ்அப்பில் அது இரண்டு சுற்று வந்தது. கடலோரத் தெருவில் இருந்த சின்ன மாதா கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவைக்குப் பதினாலு வருஷமாக ஹென்றிதான் செயலாளர். அங்கேயும் மினிட்ஸ் அவர்தான். அதே மை, அதே எழுத்து.

அடுத்த ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு பேரவை கூடியது. ஹென்றி புத்தகத்தை விரிக்கும்போது துணைத் தலைவர் ஃபிரெட்ரிக் குனிந்து, "இன்னைக்கு ஈவ்லின் எழுதட்டுமே சார். நீங்க ஃப்ரீயா உக்காருங்க" என்றார். ஈவ்லின் பேங்கில் வேலை செய்கிற பெண். ஹென்றி அவளை ஞானஸ்நானத்திலிருந்து அறிவார். புத்தகத்தையும் தன் பேனாவையும் அவளிடம் கொடுத்தார். காரணம் புரியாத அளவுக்கு அவர் குழந்தை இல்லை. போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான், அதில் தப்பில்லை என்றுகூட நினைத்தார்.

கடைசி விஷயமாக ஃபிரெட்ரிக் ஒரு தாளை வாசித்தார். செயலாளர் திரு ஹென்றி அவர்கள் தம் உடல்நிலை காரணமாகத் தாமே கேட்டுக்கொண்டபடி, நன்றியோடு அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது. "எல்லாருக்கும் சம்மதம்தானே? ஒருமனதான்னு போட்டுக்கோம்மா."

ஃபாதர் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

ஹென்றி எழுந்து நின்றார். "நான் கேக்கல" என்றார். "என் உடம்புக்கும் ஒண்ணும் இல்ல. என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க, நிஜமான காரணத்தை எழுதி அனுப்புங்க. இதுல எனக்குச் சம்மதம் இல்ல. ஹென்றி மறுத்தார்னு எழுதிக்கோ ஈவ்லின்."

ஈவ்லின் பேனாவோடு நிமிர்ந்தாள். ஃபாதரைப் பார்த்தாள், ஃபிரெட்ரிக்கைப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷத்துப் புத்தகம், ஓர் அடித்தல் இல்லை. அவளுக்கு ஹென்றி மேல் மரியாதை உண்டு, பிரியமும் உண்டு. அந்தப் பிரியம் குறையாமலே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"காபி வந்துடுச்சு அங்கிள். குடிச்சிட்டுப் பேசலாமே" என்று சொல்லிக்கொண்டே பேனா மூடியைத் திருகினாள்.